உடைந்த முட்டைக்கும் மதிப்பெண் போடுங்கள்

நாமக்கல்லில் லாரி ஏறும் முட்டை பெங்களூரு போய்ச் சேர ஏறத்தாழ 250 கிலோமீட்டர். சேலத்தைத் தாண்டி, தொப்பூர் கணவாயில் குலுங்கி, தர்மபுரி, கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் என்று வந்து ஜூஜூவாடி எல்லையைக் கடக்க வேண்டும். வழியில் எத்தனை வேகத்தடை, எத்தனை மேம்பால வேலை, எத்தனை திடீர் பிரேக்! அவ்வளவையும் பழைய காகிதக் கூழில் வார்த்த 30 குழித் தட்டு ஒன்று தாங்கிக்கொள்கிறது. அதே நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளிகள் சிலவற்றில், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் வந்தால், பிள்ளைகள் தாங்களே செய்த கூட்டுக்குள் ஒரு முட்டையை வைத்து மாடியிலிருந்து கீழே போடுகிறார்கள். அழைப்பிதழில் ‘எக் ட்ராப் சேலஞ்ச்’ என்று அச்சாகியிருக்கும். பிள்ளைகள் வாயில் அது ‘முட்டை போடுற போட்டி’. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்து முடிக்கவே பாதி வகுப்பு நேரம் போய்விடும்.

விதி எளிது. கொடுத்த பொருளையோ வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருளையோ வைத்து ஒரு காப்புக் கூடு செய்ய வேண்டும். உள்ளே பச்சை முட்டை. முதல் மாடியிலிருந்தோ இரண்டாம் மாடியிலிருந்தோ உடற்கல்வி ஆசிரியர் ஒவ்வொன்றாகப் போடுவார். கீழே நடுவர் பிரித்துப் பார்ப்பார். முழுசாக இருந்தால் ஜெயம், விரிசல் விட்டிருந்தால் அவுட். பார்வையாளனாகவும் நடுவனாகவும் இந்தப் போட்டியோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. பள்ளி அறிவியல் நிகழ்ச்சிகளில் பிள்ளைகளை இவ்வளவு இழுப்பது வேறொன்றில்லை என்பது என் கணிப்பு. ஆனால் அதன் தீர்ப்பு முறை, அது கற்றுத்தரக்கூடியதில் பாதியைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கொட்டுகிறது. சிப்காட் தொழிற்பேட்டையின் சங்குச் சத்தம் கேட்கும் ஓசூரில் இப்படி நடப்பது கூடுதல் வருத்தம்.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே இயக்க விதிகள். உந்தம், கணத்தாக்கு, பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கும் கிரிக்கெட் வீரர் எல்லாம் அதில் வருவார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, தேர்வு அறைக்கு வெளியே அந்த வீரரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். முட்டையை வைத்துக் கணக்குப் போட்டால் அப்படி விட முடியாது. ஆறு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது முட்டையின் வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். 55 கிராம் முட்டை சிமென்ட் தரையில் ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றால், அதன் மேல் சராசரியாக 3,200 நியூட்டன் விசை விழும். அதாவது முன்னூறு கிலோவுக்கு மேல் பாரம். அதே முட்டை, ஐந்து சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுக்கும் கூட்டுக்குள் நின்றால் 65 நியூட்டன், ஆறரைக் கிலோ பாரம். பத்து சென்டிமீட்டர் நசுங்கினால் அதிலும் பாதி. உயரமும் அதே, முட்டையும் அதே. நிற்க எடுத்துக்கொண்ட தூரம் மட்டும்தான் மாறியது. இந்த ஒரு கணக்கை மாடியிலிருந்து விழும் தன் சொந்தப் பெட்டிக்குப் போட்டுப் பார்த்த பிள்ளை, கணத்தாக்குக்கு வரையறை மறந்தாலும் விஷயத்தை மறக்காது.

மணிக்கு 39 கிலோமீட்டர் என்பது ஓசூரின் உள்தெருவில் டூவீலர் போகும் வேகம். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் பிறந்த ஊர் இது. அதே ஆண்டில்தான் அசோக் லேலண்டின் ஆலையும் இங்கே வந்தது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் ஓலா மின் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. இரண்டு சக்கரத்தை நம்பி நடக்கும் மாவட்டத்தில், ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் அந்த வெள்ளை நுரை எதற்கு என்று கேட்டால் பெரியவர்களிலேயே பலர் ‘மெத்துன்னு இருக்கத்தான்’ என்பார்கள். அது மெத்தென்று இருப்பதற்கல்ல. ஒரே ஒருமுறை நசுங்கிச் சாவதற்கு. நசுங்கும் அந்த இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் தலைக்குக் கிடைக்கும் அவகாசம். ஒருமுறை விழுந்த ஹெல்மெட்டை வெளியே கீறல்கூட இல்லையென்று மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். இதை ஒரு போலீஸ்காரர் விழிப்புணர்வு முகாமில் மைக் பிடித்துச் சொல்வதைவிட, நசுங்கிப்போன தன் பெட்டியைக் கையில் வைத்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்வது எளிது.

இன்னொரு பலமும் இந்த எல்லை ஊருக்கே உரியது. ஓசூர் வகுப்பறையில் வீட்டுமொழி தமிழாக இருக்கும் பிள்ளை பக்கத்தில் தெலுங்குப் பிள்ளை, அதற்குப் பக்கத்தில் கன்னடப் பிள்ளை, பின்வரிசையில் உருது. ஆலை வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள். கேள்வி கேட்டால் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை, கத்தரியும் சணலும் கையில் வந்ததும் குழுவுக்குத் தலைவனாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வாய்மொழிக் கேள்வி பதிலில் வெளிவராத திறமை இதில் வெளியே வருகிறது. மதிப்பெண் வரிசையில் கடைசியில் நிற்பவன், தகரப் பட்டறையிலோ மெக்கானிக் கடையிலோ லீவு நாளில் நின்றவனாக இருப்பான். எது வளையும், எது ஒடியும் என்று அவன் கைக்குத் தெரியும்.

பிள்ளைகள் வழக்கமாக எங்கே தவறுகிறார்கள் என்பதிலேயே பாடம் இருக்கிறது. ‘நிறையப் பஞ்சு அடைச்சா உடையாது’ என்பதுதான் முதல் நினைப்பு. டப்பா பிதுங்கும்வரை அடைப்பார்கள். ஏற்கெனவே அமுங்கிப்போன பஞ்சுக்கு மேற்கொண்டு அமுங்க இடமில்லை. தரை கொடுத்த அடியை அது அப்படியே முட்டையிடம் ஒப்படைத்துவிடும். சிலர் நேர்மாறாக, மிக இளகிய ஸ்பான்ஞ்சை மெல்லிசாக வைப்பார்கள். முட்டை அதைத் துளைத்துக்கொண்டு போய் டப்பாவின் அடியில் மோதும். ‘ஷாக் அப்சார்பர் அடி தட்டுது’ என்று மெக்கானிக் சொல்வாரே, அதுதான். கெட்டியான தெர்மாக்கோல் பெட்டி நசுங்கவே மறுக்கும். ஆக, அமுங்க வேண்டும், ஆனால் சீக்கிரம் அமுங்கி முடிந்துவிடக் கூடாது. எவ்வளவு தடிமன், எவ்வளவு இறுக்கம் என்பதைத் தேடுவதுதான் இதில் உள்ள பொறியியல். போட்டி இந்தத் தேடலைத் தூண்டிவிடுகிறது, சந்தேகமில்லை. தேடலுக்கு நேரம் கொடுக்கிறதா என்றால், இல்லை.

ஒரு போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். தளி பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த சிறுமி ஒருத்தி. மற்றவர்கள் பபிள் ஷீட்டும் தெர்மாக்கோலுமாக நிற்க, அவள் கேழ்வரகுத் தாளைக் கட்டுக்கட்டாக அறுத்து, முட்டையைச் சுற்றி வைத்து, சணலால் பந்துபோல் கட்டியிருந்தாள். ‘ஏம்மா, பஞ்சு கிடைக்கலையா?’ என்று கேட்டேன். ‘பஞ்சு அமுங்கி மறுபடி எழும்பிடும் சார். தாளு ஒடிஞ்சு ஒடிஞ்சு அமுங்கும். எழும்பாது’ என்றாள். எங்கே தெரிந்துகொண்டாய் என்றால், அவள் அவ்வா, அதாவது பாட்டி, முட்டையை ராகிக்குள்தான் புதைத்து வைப்பாராம். அடை வைக்கிற கூடையிலும் தாள்தானாம். எழும்பித் திரும்ப அடிக்கும் பொருளுக்கும், ஒடிந்து விசையை விழுங்கிக்கொள்ளும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அவள் சொல்லிவிட்டாள். காரின் முன்பகுதி மடங்கிப்போவது இந்தத் தத்துவத்தில்தான். மெர்சிடிஸ் நிறுவனப் பொறியாளர் பேலா பாரேனி 1950-களில் காப்புரிமை பெற்ற யோசனை அது.

பந்து விழுந்தது. பிரித்தால் முட்டையின் அடியில் மயிரிழை விரிசல். அவுட். அவள் போய்விட்டாள். துப்புரவு அம்மா கூட்டிக் கொட்டுவதற்கு முன்னால் அந்தக் கூட்டை எடுத்துப் பார்த்தேன். தாள் ஒழுங்காகத்தான் ஒடிந்திருந்தது. பிரச்சினை சணல் முடிச்சு. உள்சுற்றுக் கட்டின் முடிச்சை முட்டைக்கு நேர் அடியில் போட்டிருந்தாள். சுண்டைக்காய் அளவுக்கு இறுகிய அந்த முடிச்சு, ஓட்டின் ஒரே புள்ளியில் குத்தியிருக்கிறது. விரிசல்கள் அந்தப் புள்ளியிலிருந்துதான் கிளம்பியிருந்தன. முடிச்சை இரண்டு விரல் தள்ளிப் போட்டிருந்தால் முட்டை தப்பியிருக்க நல்ல வாய்ப்பு. இதை அவளிடம் சொல்ல நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. பரிசளிப்புக்குச் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். ஜெயித்தது, மூன்று அடுக்கு பபிள் ஷீட் சுற்றிய, பிரஷர் குக்கர் அளவு தெர்மாக்கோல் பெட்டி. அதைச் செய்த பையனிடம் ஏன் உடையவில்லை என்று கேட்டேன். ‘அப்பா செஞ்சு குடுத்தாங்க சார்’ என்றான். அவன்மேல் குற்றமில்லை. உண்மையைச் சொன்னான், பாவம்.

போட்டியின் பெரிய குறை இங்கே இருக்கிறது. உடைந்ததா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்வி. இதே ஊரின் ஆலைகள் நம்பியிருக்கும் சோதனை முறைகளை எடுத்துப் பாருங்கள். 1984-இல் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரை இந்தியக் கடிகாரத்தின் முகவரியாக்கியது. கைக்கடிகாரம் அதிர்ச்சி தாங்குமா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 1413 என்றொரு உலகத் தரநிலை உண்டு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கெட்டி மரத்தரையில் விழுவதற்கு ஈடான அடி கொடுப்பார்கள். கடிகாரம் உடையவில்லை, ஓடுகிறது என்பதோடு விட மாட்டார்கள். அடிபட்ட பிறகு நேரம் எவ்வளவு பிசகுகிறது என்று அளப்பார்கள். இயந்திரக் கடிகாரம் நாளொன்றுக்கு 60 விநாடிக்கு மேல் பிசகினால் தேறாது. பொதிகளுக்கும் இப்படித்தான். பன்னாட்டுப் பாதுகாப்புப் போக்குவரத்துச் சங்கமான ஐஎஸ்டிஏ வகுத்த அடிப்படைச் சோதனையில் ஓர் அட்டைப்பெட்டியைப் பத்து முறை போடுவார்கள்: ஒரு முனையில், மூன்று விளிம்புகளில், ஆறு முகங்களில். பெட்டி எந்தப் பக்கம் விழும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதால்தான் பத்து. பள்ளியிலோ ஒரே ஒருமுறை. பெட்டி நல்ல பக்கமாக விழுந்தால் அறிஞன், மூலையில் விழுந்தால் முட்டாள். இந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இப்படி ஒரு தரச்சோதனை நடந்தால், தணிக்கைக்கு வருபவர் அறிக்கையைத் திருப்பி வீசிவிடுவார்.

முட்டையே ஒரு நிலையான சோதனைப் பொருள் அல்ல என்பது அடுத்த சங்கடம். இதைச் சொல்ல ஓசூரைவிடப் பொருத்தமான ஊரில்லை. மத்திகிரியில், 1824-இல் தொடங்கிய பழைய கால்நடைப் பண்ணை இருக்கும் பகுதியிலேயே, கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. கோழி வளர்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: இளங்கோழி முட்டை சிறிது, ஓடு கெட்டி, வயதான கோழியின் முட்டை பெரிது, ஓடு மெலிது. வெயில் காலத்தில் கோழி வாய் திறந்து மூச்சிரைக்கும். ரத்தத்தில் கரியமிலவாயு குறையும். ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், அந்தக் குறைவு ஓட்டில் தெரியும். கடையில் வாங்கிய முட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் முன்பே இருக்கலாம். பண்ணையில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பார்கள். பள்ளியில் யாரும் பார்ப்பதில்லை. ஆகவே ஒரு முட்டை உடைந்தால் குற்றம் கூட்டின் மீதா, கோழியின் மீதா என்று சொல்ல முடியாது. மொபைல் போனின் டார்ச் வெளிச்சத்தில், இருட்டு அறையில் எல்லா முட்டைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குவது பத்து நிமிட வேலை. அதுவே ஒரு நல்ல அறிவியல் வகுப்பும்கூட.

ஆசிரியர்களே தவறாகச் சொல்லிக்கொடுத்துவந்த ஒரு விஷயமும் இதில் உண்டு. முட்டையை நெட்டுக்குத்தலாக நிறுத்தி வை, கூம்பிய முனை வளைவு பாரம் தாங்கும் என்பார்கள். கோயில் விதானம், பாலத்து வளைவு என்று உதாரணமும் வரும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் டால் கோஹன் குழுவினர் இதைச் சோதித்து 2025 மே மாதம் ‘கம்யூனிகேஷன்ஸ் ஃபிசிக்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 180 முட்டைகளை வெறும் 8, 9, 10 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட்டார்கள். 8 மில்லிமீட்டரில் நெட்டாக விழுந்தவற்றில் பாதிக்கு மேல் விரிசல் விட்டன. படுக்கைவாட்டில் விழுந்தவற்றில் பத்தில் ஒன்றுகூட இல்லை. மெதுவாக அழுத்தினால் இரண்டு வாட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரே விசைதான், சுமார் 45 நியூட்டன், தேவைப்பட்டது. ஆனால் படுத்த முட்டை உடைவதற்கு முன் கொஞ்சம் கூடுதலாக வளைந்துகொடுத்தது. விறைப்பாக நிற்பது வேறு, அடியை விழுங்கிச் சமாளிப்பது வேறு. பள்ளிப் போட்டிகள் உலகெங்கும் பல பத்தாண்டுகளாக நடந்தும், இந்த எளிய கேள்வியை ஒரு பல்கலைக்கழகக் குழு எழுப்ப வேண்டியிருந்தது. எந்த வாட்டத்தில் வைத்தது உடைந்தது என்று பள்ளிகள் ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தால், ஓர் ஏழாம் வகுப்பே இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கலாம். குறித்துவைக்கும் பழக்கம்தான் நம் போட்டிகளில் இல்லை.

பாராசூட்டுக்கு வருவோம். பாதிக் குழுக்கள் கேரி பேக்கை விரித்துக் கட்டி இறக்கப் பார்க்கும். அரை மீட்டர் சதுரத்தில் விரிந்த பை, நூறு கிராம் எடையை நொடிக்கு இரண்டே கால் மீட்டர் வேகத்தில் இறக்கும். அது கால் மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். முட்டைக்குக் கீழே கொஞ்சம் வைக்கோல் போதும். புத்திசாலித்தனமான வழிதான். ஆனால் விரிவதற்குள் தரை வந்துவிடும் ஆபத்தும் உண்டு, காற்று அடித்தால் பை சைக்கிள் ஸ்டாண்டில் போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தவிர, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. ‘நெகிழி இல்லா வளாகம்’ என்ற பலகைக்கு முன்னால் தடைசெய்த பைகள் பறப்பதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். பழைய வேட்டித் துண்டு போதும்.

பாராசூட் செய்த பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: நிலாவில் இது வேலை செய்யுமா? காற்றே இல்லாத இடத்தில் எதை நம்பி இறங்குவது? 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது வேகத்தைக் குறைத்தவை ராக்கெட் எஞ்சின்கள். கடைசி அடியைத் தாங்கியவை கால்கள். நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்துக்கு வடிவமைத்திருந்த கால்களை, சந்திரயான்-2 தோல்விக்குப் பிறகு மூன்று மீட்டருக்கு ஈடுகொடுக்கும்படி பலப்படுத்தினார்கள். நிலா மண்ணை ஒத்த மண் வேண்டுமென்று இஸ்ரோ தேடியபோது அதற்கான பாறை கிடைத்தது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில். முட்டையும் அங்கிருந்துதான், நிலா மண்ணும் அங்கிருந்துதான். தோல்வியிலிருந்து கால்களைத் திருத்தியதுதான் இதில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை. சந்திரயான்-2 லேண்டர் உடைந்தது, அதனால் அவுட் என்று இஸ்ரோ வீட்டுக்குப் போகவில்லை.

பண விவகாரம் சிறியதாகத் தெரியும், சிறியதல்ல. ‘வீட்டிலிருந்து கொண்டுவரலாம்’ என்ற விதியில் ஓசூரின் வர்க்க வரைபடமே வந்து நிற்கும். அப்பாவுக்குக் கம்பெனியில் வேலை என்றால் பேக்கிங் பிரிவில் மிச்சமான ஃபோம் துண்டு வரும். கடை வைத்திருப்பவர் வீட்டுக்குப் பபிள் ஷீட் புதிதல்ல. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு வைக்கோலும் பழந்துணியும். கூட்டின் எடைக்கும் விலைக்கும் வரம்பு வைக்காத போட்டி, பொருளைச் சோதிக்கிறது, பிள்ளையின் யோசனையை அல்ல. லாரித் தட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். கழிவுக் காகிதம், தண்ணீர், அச்சு, அவ்வளவுதான். 1911-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோசப் காயில் என்ற பத்திரிகைக்காரர், உடைந்த முட்டைக்காக ஓட்டல்காரரும் விவசாயியும் போட்ட சண்டையைக் கேட்டுவிட்டுக் காகிதத்தில் முட்டைப்பெட்டி செய்தார். இன்றைய தட்டில் முட்டை குழியின் அடியில் அழுந்தி உட்காராது. சரிந்த பக்கச் சுவர்கள் இடுப்பைத் தாங்கும். ஒரு தட்டின் மேல் அடுத்த தட்டைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தால் மேல் தட்டின் பாரம் கூம்புகளில் இறங்கும், முட்டை மேல் இறங்காது. காசு போடாமல் யோசனையைப் போட்ட வடிவமைப்பு. சந்தையில் முட்டைக் கடை நடத்துகிறவரைப் பள்ளிக்கு அழைத்து அரை மணி நேரம் பேசச் சொன்னால், எந்த யூடியூப் வீடியோவும் தராத பாடம் கிடைக்கும்.

சாப்பிடும் பொருளை உடைக்கலாமா என்ற ஆட்சேபம் எல்லாப் பள்ளியிலும் எழும். எண்ணிக்கையாகப் பார்த்தால் ஒரு வகுப்புக்கு ஒன்றிரண்டு டஜன் முட்டை, பெரிய விரயமில்லை. ஆனால் மதிய உணவில் முட்டை வரும் பள்ளியில் அது கணக்கோடு முடியும் விஷயமல்ல. தமிழ்நாட்டில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய சத்துணவு முட்டை, இன்று வாரம் ஐந்து நாள். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் நீண்ட சர்ச்சைக்குப் பிறகு, அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை உதவியுடன் 2024-இலிருந்து வாரம் ஆறு நாள். அந்த ஒரு முட்டைக்காகவே பள்ளிக்கு வரும் பிள்ளை, மஞ்சள் கரு சிமென்ட் தரையில் வழிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு ஒப்பவில்லை. முட்டை தொடாத குடும்பங்களும் இங்கே உண்டு. தொடக்கப் பள்ளிகளிலும் சத்துணவுப் பள்ளிகளிலும் முட்டைக்குப் பதில் தக்காளி போடலாம் என்பேன். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் விற்காமல் கழிந்தது கிடைக்கும், காசுகூடக் கேட்க மாட்டார்கள். தக்காளிக்கு இன்னொரு வசதி: அது உடைந்தது, உடையாதது என்று இரண்டாகப் பிரியாது. தோல் கிழிந்ததா, உள்ளே கன்றியதா, மறுநாள் அறுத்தால் எவ்வளவு தூரம் கனிந்து கெட்டிருக்கிறது என்று அடிபட்ட அளவைப் படிப்படியாகப் பார்க்கலாம். தக்காளி, மாம்பழம், ரோஜா என்று நசுங்கும் சரக்கையே ஏற்றுமதி செய்து பிழைக்கும் மாவட்டத்துக்கு அந்தப் பாடம் பொருந்தும். மேல்நிலைப் பள்ளிகளில் முட்டையே இருக்கட்டும். ஜிப் கவருக்குள் போட்டு வைத்தால் உடைந்தாலும் தரை நாறாது.

இந்தப் போட்டியை நிறுத்தச் சொல்பவர்களோடு நான் சேரவில்லை. நிறுத்தினால் அந்த மணி நேரத்தில் இன்னொரு மாதிரித் தேர்வு வந்து உட்காரும், அவ்வளவுதான் நடக்கும். மாற்ற வேண்டியது நடுவரின் தாளை. எல்லாக் குழுவுக்கும் ஒரே பொருள் கொடுங்கள்: இரண்டு நாளிதழ், ஒரு கட்டு வைக்கோல், இரண்டு முழம் சணல், ஓர் அட்டைப்பெட்டி. வீட்டிலிருந்து எதுவும் வேண்டாம், பள்ளியிலேயே செய்யட்டும். போடுவதற்கு முன், எங்கே அடி விழும், எது நசுங்கும் என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். ஒருமுறை போட்டு, பிரித்து, திருத்தி, மறுபடி போட விடுங்கள். மாடி விளிம்பில் பிள்ளைகள் எட்டிப் பார்க்காமல் இருக்க ஒரு பெரியவர் நிற்கட்டும். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் திட்டத்தில், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள அரசுப் பள்ளிகளுக்குச் சோதனைப் பொருள்களோடு கருத்தாளர்கள் வருகிறார்கள். இதை நடத்த அவர்களைவிட ஏற்றவர்கள் இல்லை. செலவும் பெரிதாக ஆகாது.

நேரமில்லை என்பார்கள் ஆசிரியர்கள். உண்மைதான். பாடத்திட்டம் துரத்துகிறது, ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் தளத்தின் பதிவு வேலை துரத்துகிறது. எல்லாவற்றையும் செய்ய முடியாவிட்டால் ஒன்றே ஒன்று போதும். அடுத்த பிப்ரவரியில் உங்கள் பள்ளியில் இந்தப் போட்டி நடந்தால், பரிசை அறிவிப்பதற்கு முன் உடைந்த கூடுகளை ஒரு மேசையில் வரிசையாக வையுங்கள். எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது, அடுத்தமுறை எதை மாற்றுவாய் என்று ஒவ்வொரு குழுவையும் இரண்டு நிமிடம் பேச விடுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அதற்குக் கொடுங்கள். தமிழில் சொன்னாலும் சரி, தெலுங்கில் சொன்னாலும் சரி, கன்னடத்தில் சொன்னாலும் சரி.